'ரெக்டர்' என்றால் யார்? அரிக்கமேட்டுக் குருமடம் முதல் காலாப்பட்டுப் பல்கலை வரை... ஒரு பட்டத்தின் கதை!

வாரம் ஒரு சொல்

அரியாங்குப்பம் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் அரிக்கமேட்டில் தவறாமல் ஒரு படம் எடுப்பார்கள். மரங்களுக்கு நடுவே இடிந்து நிற்கும் பழைய செங்கல் சுவர். 'இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ரோமானியர் கட்டடம்' என்று ஸ்டேட்டஸிலும் வைத்துவிடுவார்கள்.

அரிக்கமேடு ரோமானிய உலகத்தோடு வணிகம் செய்த துறைமுகம் என்பது உண்மை. 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வுதான் அதை உலகுக்குச் சொன்னது. ஆனால், படத்தில் இருக்கும் அந்தச் சுவருக்கு வயது சுமார் 250 மட்டுமே. 18-ம் நூற்றாண்டில் அங்கே இயங்கிய கிறிஸ்தவக் குருமடம் ஒன்றின் மிச்சம் அது. குருமடம் என்றால், பாதிரியார் ஆவதற்குப் படிக்கிறவர்கள் தங்கிப் படிக்கும் இடம். அப்படிப்பட்ட இடத்தின் தலைவருக்கு இன்று வழங்கும் பெயர், 'ரெக்டர்'.

இதே பெயரைப் புதுச்சேரியில் வேறு சில இடங்களிலும் பார்க்கலாம். நகரத்துக்கு வடக்கே காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா அழைப்பிதழில் 'தலைமை ரெக்டர்' என்று ஒரு பெயர் இருக்கும். அவர் பாதிரியாரும் இல்லை, பேராசிரியரும் இல்லை, துணைநிலை ஆளுநர். பெரிய திருத்தலங்களின் அறிவிப்புப் பலகையிலும், சேசு சபையினர் நடத்தும் கல்லூரிகளின் வளாகத்திலும் ரெக்டர் உண்டு. நான்கு பேருக்கும் பட்டம் ஒன்று. செய்யும் வேலை மட்டும் நான்கு விதம்.

இது தெரியாததால் சிலர் அலைகிறார்கள். கல்யாணத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்று ஒருவரிடம் போகிறார்கள். 'அது என் கையில் இல்லை, அவரிடம் கேளுங்கள்' என்று இன்னொருவரைக் கை காட்டுவார் அவர். பெரிய பட்டம் வைத்திருக்கிறவரே கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று கோபமும் வரும். அவர் மறுக்கவில்லை. அந்தப் பட்டத்துக்கு அங்கே பொருள் வேறு, அவ்வளவுதான்.

மாணவர்களோடு தப்பி வந்த தலைவர்

பட்டத்தின் பொருளை அகராதியில் தேடும் முன், அந்த வேலையைச் செய்த ஒருவரின் கதையைக் கேட்டுவிடலாம். அது அரியாங்குப்பத்துக் கதை.

பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை, ஆசிய நாட்டு இளைஞர்களைக் குருக்களாக்குவதற்காகச் சயாம் நாட்டில், இன்றைய தாய்லாந்தில், ஒரு குருமடம் நடத்தியது. போர் வந்ததால் அது இடம் மாறி, இன்றைய வியட்நாமின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஹா தியென் பகுதிக்குப் போனது. அங்கே பொறுப்பேற்றவர் 1741-ல் பிரான்ஸில் பிறந்த பிக்னோ தே பெஹேன். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

பதவி பூப்படுக்கையாக இல்லை. உள்ளூர் அரசியல் குழப்பத்தில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கழுத்தில் பலகை மாட்டும் தண்டனை கிடைத்தது. வெளியே வந்த கொஞ்ச காலத்தில், 1769-ல், கடற்கொள்ளையர்கள் குருமடத்தைத் தாக்கினார்கள். மாணவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். பிழைத்த மாணவர்களோடு பிக்னோ கடல் வழியாக மலாக்காவுக்குத் தப்பினார். அங்கிருந்து 1770-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். குருமடம் மறுபடி தொடங்கப்பட்ட இடம், அரியாங்குப்பத்தை ஒட்டிய வீராம்பட்டினம்.

வீராம்பட்டினத்து மீனவர்கள் வலை காய வைத்த கரையோரத்தில், வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் லத்தீன் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது இன்றைக்கு நம்பக் கஷ்டமான காட்சி. புதுச்சேரியும் அப்போது நிம்மதியாக இல்லை. 1761-ல் ஆங்கிலேயர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிய நகரம் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அந்தச் சூழலில்தான் பிக்னோ மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். புதுச்சேரியில் இருந்தபடியே வியட்நாமிய - லத்தீன் அகராதி ஒன்றையும் தொகுத்தார். 1774-ல் சென்னை சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, மறுபடி கிழக்கே கப்பல் ஏறினார்.

பின்னாளில் வியட்நாம் இளவரசரை அழைத்துக்கொண்டு பிரான்ஸ் மன்னரின் வெர்சாய் அரண்மனை வரை போன பிக்னோவைத்தான் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுகின்றன. 1787-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் பெரிய அரசியல். வீராம்பட்டினத்துக் குருமடம் 1780-களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. பல வருட இடைவெளிக்குப் பிறகு அதே கல்விநிலையம் மலேசியாவின் பினாங்குத் தீவில் மீண்டும் திறக்கப்பட்டது.

இந்தக் கதையில் பதவிக்கான விளக்கம் முழுவதும் இருக்கிறது. மாணவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், என்ன படிக்கிறார்கள், ஆபத்து வந்தால் எங்கே போவது... எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் பொறுப்பு. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஒவ்வொரு குருமடத்துக்கும் ஒரு ரெக்டர் இருக்க வேண்டும். குருமடத்துக்குள் இருப்பவர்களுக்குப் பங்குத்தந்தையின் பொறுப்பையும் அவரே வகிக்க வேண்டும். அதாவது, வாத்தியார், வார்டன், வீட்டுப் பெரியவர் மூவரும் சேர்ந்த ஒருவர்.

'கரெக்ட்' என்கிற வார்த்தைக்குச் சொந்தக்காரர்

'ரெக்டர்' லத்தீன் சொல். 'நேராக நடத்து, ஆள்' என்று பொருள்படும் வினைச்சொல்லில் இருந்து வந்தது. ஒரு நாளைக்குப் பத்து முறை வாயில் வரும் 'கரெக்ட்', சினிமா 'டைரக்டர்', பள்ளிக்கூடத்து 'ரூல்' எல்லாம் இதே குடும்பம். கோடு நேராக வர ரூல் தடியை வைப்பது போல, ஒரு நிறுவனம் கோணாமல் போக வைக்கப்பட்ட ஆள் ரெக்டர். நம் ஊர் 'ராஜா'வும் லத்தீனின் இந்தச் சொல்லும் ஒரே வேரில் இருந்து கிளைத்தவை என்கிறார்கள் மொழியியலாளர்கள்.

தமிழுக்கு இந்தக் கருத்து புதிதும் இல்லை. செங்கோல் என்றால் நேரான கோல். வளைந்துவிட்டால் கொடுங்கோல். திருக்குறளில் 55-ம் அதிகாரம் செங்கோன்மை, அடுத்ததே கொடுங்கோன்மை. ஆட்சி என்பதை நேர்மையோடும் வளைவோடும் சேர்த்து அளந்த மொழி இது. 'ரெக்டர்' என்ற சொல்லுக்குள் இருப்பதும் அதே அளவுகோல்தான்.

ஆனால், தமிழில் இந்தப் பட்டத்துக்குக் கிடைத்த பெயர் வேறு பக்கம் போய்விட்டது. திருச்சபை வழக்கில் ரெக்டரை 'அதிபர்' என்கிறார்கள். குருமட அதிபர், பேராலய அதிபர், திருத்தல அதிபர். அமெரிக்க அதிபர், தொழிலதிபர் என்று கேட்டுப் பழகிய காதில் அதிபர் என்றதும் முதலில் தோன்றுவது அதிகாரம். 'நேராக நடத்துபவர்' என்ற பொருள் பின்னால் போய், 'சொந்தக்காரர்' என்ற தொனி முன்னால் வந்துவிடுகிறது.

இலங்கையில் இந்தச் சொல் இன்னும் சாதாரணமாகப் புழங்குகிறது. அங்கே பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரே 'பாடசாலை அதிபர்'தான். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் தலைவரின் பட்டமே ரெக்டர். 1936 முதல் 1954 வரை அந்தப் பொறுப்பில் இருந்த லோங் அடிகளார், யாழ்ப்பாணப் பொது நூலகம் உருவாக உழைத்தவர்களில் முக்கியமானவர். அதே இலங்கையில் பல்கலைக்கழக வளாகத்தின் தலைவரான ரெக்டரை 'வளாக முதல்வர்' என்கிறார்கள். ஒரே நாட்டில், ஒரே சொல்லுக்கு இரண்டு தமிழ்!

வாயிலில் நின்றவர் வேந்தர் ஆனார்

ரெக்டருக்கு நேர்ந்ததைவிட வேடிக்கையான மாற்றம் 'சான்சலர்' என்ற பட்டத்துக்கு நேர்ந்தது. இதுவும் திருச்சபையிலும் பல்கலைக்கழகத்திலும் இருக்கிற பட்டம்தான்.

லத்தீனில் 'கான்கெல்லி' என்றால் கிராதி, அதாவது குறுக்கும் நெடுக்குமாக அடித்த தடுப்புக் கம்பி. ரோமானிய நீதிமன்றத்தில் அந்தக் கிராதிக்குப் பக்கத்தில் நின்று ஆட்களை உள்ளே விட்ட ஊழியர்தான் முதல் சான்சலர். பிறகு எழுத்தர் ஆனார். அதன் பிறகு அரசரின் ஆவணங்களையும் முத்திரையையும் காப்பவர் ஆனார். படிப்படியாக உயர்ந்து, ஜெர்மனியில் நாட்டின் அரசுத் தலைவருக்கே அந்தப் பெயர் வந்தது.

கத்தோலிக்க ஆயர் இல்லங்களில் மட்டும் சான்சலர் பழைய வேலையை விடவில்லை. மறைமாவட்டத்தின் ஆவணங்களைச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, பத்திரமாக வைப்பதுதான் இன்றும் அவருக்குச் சட்டம் தரும் முதல் கடமை. பழைய கோப்பு தேடிப் போகிறவர்களுக்கு அவர் தேவைப்படுவார்.

பல்கலைக்கழகச் சான்சலருக்குத் தமிழில் கிடைத்த பெயரோ 'வேந்தர்'. சேர, சோழ, பாண்டியரைத் தவிர மற்றவர்களுக்கு எளிதில் தராத சொல். துணைக்கு இருப்பவர் துணைவேந்தர். இடையில் ஓர் இணைவேந்தர். கிராதி ஓரத்தில் நின்ற ஊழியர் தமிழில் வேந்தர் ஆகிவிட்டார். 'ஆள்பவர்' என்றே பொருள்படும் ரெக்டருக்கோ பல்கலைக்கழகத்தில் நிலையான தமிழ்ப் பெயர் ஒன்று அமையவில்லை.

தாகூர் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி காட்டினார். அவர் தொடங்கிய விஸ்வபாரதியின் சட்டத்தில் சான்சலர் 'ஆச்சார்யா', துணைவேந்தர் 'உபாச்சார்யா', ரெக்டர் 'பிரதானா'. ஆச்சார்யா பொறுப்பில் பிரதமர் இருக்கிறார். பிரதானா மேற்கு வங்க ஆளுநர். பதவியில் இருப்பவர் அரசியல்வாதிதான். ஆனாலும் பட்டத்தைச் சொல்லும்போது 'ஆசிரியர்' என்ற பொருள் காதில் விழுகிறது. வேந்தர் என்னும்போது அது விழுவதில்லை.

கோயிலில்... ரெக்டர் வேறு, பங்குத்தந்தை வேறு

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். அரியாங்குப்பத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பங்கில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள். குழந்தையாக இருந்தபோது வாங்கிய பழைய நகல் இருக்கிறது. 'அது போதாது, புதிதாக வாங்கி வாருங்கள்' என்கிறார் அங்கிருக்கும் சாமியார்.

இதற்குக் காரணம் உண்டு. ஒருவருக்குக் கோயிலில் திருமணம் நடந்தால், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டிலும் அது குறிக்கப்படும். அதனால் புதிய நகல்தான் 'இவருக்கு ஏற்கெனவே கோயில் திருமணம் ஆகவில்லை' என்பதற்குச் சாட்சி. அந்தப் பதிவேட்டைப் பராமரிப்பது பங்குத்தந்தையின் கடமை. சான்றிதழ் தர வேண்டியவரும் அவர்தான்.

திருத்தலத்தின் ரெக்டர், பெரிய கோயிலில் இருக்கிறார் என்பதற்காக இதைத் தந்துவிட முடியாது. பங்குக் கோயிலாக இல்லாத ஓர் ஆலயத்தைக் கவனிக்க ஆயர் நியமிக்கும் குருவைத்தான் திருச்சபைச் சட்டம் 'ஆலய ரெக்டர்' என்கிறது. அவர் அங்கே திருப்பலி நிறைவேற்றலாம், வழிபாடுகளை நடத்தலாம். ஆனால், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் போன்ற பங்குக்குரிய சடங்குகளை, பங்குத்தந்தையின் சம்மதமோ தேவையான அதிகாரமோ இல்லாமல் அவர் செய்யக் கூடாது. பட்டம் பெரிதாகத் தெரிந்தாலும், இந்த விஷயத்தில் பக்கத்துப் பங்குச் சாமியாரைத்தான் அவர் கேட்க வேண்டும்.

குழப்பம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல இடங்களில் திருத்தலமும் பங்கும் ஒன்றாகவே இருக்கும். அங்கே ஒரே குரு இரண்டு பொறுப்பையும் வகிப்பார். 1962-ல் பசிலிக்கா அந்தஸ்து பெற்ற வேளாங்கண்ணியில் 'பேராலய அதிபர்' என்று செய்திகளில் வருகிறவர் அந்த ரெக்டர்தான். புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் இருதய ஆண்டவர் ஆலயம் 2011-ல் பசிலிக்கா ஆனது. 1877-ல் கட்டப்பட்ட வில்லியனூர் மாதா கோயில் புகழ்பெற்ற திருத்தலம். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும்போது, அறிவிப்புப் பலகையில் பெயருக்குக் கீழே ஒரு பொறுப்பு இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆங்கிலிக்கன் திருச்சபையில் இதே சொல்லுக்கு ஒரு காலத்தில் பணக் கணக்கும் இருந்தது. இங்கிலாந்தில் ஊர் மக்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குத் தர வேண்டும். அதில் தானியம் உள்ளிட்ட பெரிய பங்கை வாங்கும் உரிமை உள்ளவர் ரெக்டர். அவருக்குப் பதிலாக ஊரில் இருந்து வேலை பார்த்தவர் விகார்; அந்தச் சொல்லுக்கே 'பதிலாள்' என்றுதான் பொருள். வரி ஒழிந்துவிட்டது, பட்டங்கள் மட்டும் தங்கிவிட்டன.

கல்லூரியில்... ரெக்டரா, பிரின்சிபாலா?

சேசு சபையினரின் கல்லூரிகளில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு இந்தச் சந்தேகம் வருவது சகஜம். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் பின்பு திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரி, 1923-ல் தொடங்கிய பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, 1925-ல் தொடங்கிய சென்னை லயோலா என எங்கும் ரெக்டர் ஒருவர் இருப்பார். முதல்வர் ஒருவரும் இருப்பார்.

ரெக்டர், அந்த வளாகத்தில் வாழும் சேசு சபைத் துறவிகளின் குடும்பத்துக்குத் தலைவர். கல்லூரி எந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டதோ அந்தப் பாதையில் போகிறதா என்று பார்ப்பவர். சேர்க்கை, வருகைப்பதிவு, பாடம், தேர்வு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் முதல்வரின் மேஜைக்குப் போக வேண்டியவை. பிள்ளைக்கு வருகைப்பதிவு குறைந்துவிட்டது என்று ரெக்டர் வீட்டு வாசலில் காத்திருந்தால், அன்போடு உட்கார வைத்து, முதல்வர் அறைக்கு வழி சொல்லி அனுப்புவார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயரும் இங்கே சேர்கிறது. 1844-ல் தொடங்கிய பெத்தி செமினார் பள்ளி. எத்தனையோ தலைமுறை படித்த இடம். பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு 'சிறிய குருமடம்' என்று பொருள். தொடக்கம் அதுதான். குருமடம் பள்ளிக்கூடமாக வளர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை. குருமடமும் கல்லூரியும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கும், ரெக்டர் என்ற பட்டம் ஏன் இரண்டு இடத்திலும் இருக்கிறது என்பதற்கும் இந்தப் பெயரே விளக்கம்.

காலாப்பட்டில்... தேர் இழுப்பவர்தான் தலைமை ரெக்டர்

ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் புறப்படும்போது முதலில் வடம் பிடிப்பது ஆட்சியில் இருப்பவர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வருகிறார்கள். வடம் பிடிக்கும் உரிமை ஆளுக்கு இல்லை, பதவிக்கு. ஆள் மாறினால் கை மாறும். தேர் அதே தேர்.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் துணைநிலை ஆளுநருக்கு இருக்கும் 'தலைமை ரெக்டர்' பட்டமும் அப்படித்தான். இது நாடாளுமன்றம் 1985-ல் இயற்றிய சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம். குடியரசுத் தலைவர் இதன் 'விசிட்டர்', அதாவது பார்வையாளர். குடியரசுத் துணைத் தலைவர் வேந்தர். துணைநிலை ஆளுநர் தலைமை ரெக்டர். இந்த மூன்று பெரிய பெயர்களுக்குக் கீழே நான்காவதாக வரும் துணைவேந்தர்தான் அன்றாட நிர்வாகத்துக்கும் கல்விப் பணிக்கும் தலைவர். ஆய்வுக்கோ விசாரணைக்கோ உத்தரவிடும் அதிகாரம் விசிட்டருக்கு உண்டு.

பெயரில் 'துணை' இருப்பவரிடம் வேலை. பெயரில் 'வேந்தர்', 'தலைமை' இருப்பவர்களிடம் மரியாதையும் மேற்பார்வையும். இதைப் புரட்டிப் புரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம்.

பக்கத்திலேயே பிள்ளைச்சாவடியில், புதுச்சேரி பொறியியல் கல்லூரி தரம் உயர்ந்து உருவான புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது புதுச்சேரி அரசின் பல்கலைக்கழகம். அங்கே அதே துணைநிலை ஆளுநர், வேந்தர். ஒரே கடற்கரைச் சாலையில், ஒரே ஆள், ஒரு வளாகத்துக்குள் போனால் தலைமை ரெக்டர். அடுத்த வளாகத்துக்குள் போனால் வேந்தர்.

இது வெறும் பெயர் விவகாரம் என்று விட்டுவிட முடியாது. உள்ளூர் மாணவர்களுக்கு எல்லாப் பாடப்பிரிவுகளிலும் 25 சதவீத இடம் வேண்டும் என்று புதுச்சேரியில் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். இப்படிப்பட்ட கோரிக்கை மனுக்களில் பல, ஆளுநர் மாளிகைக்குத்தான் முதலில் போகின்றன. தலைமை ரெக்டர் என்பதால் அவர் ஒரு கையெழுத்தில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. மத்தியப் பல்கலைக்கழகத்தில் முடிவெடுக்கும் இடங்கள் அதன் கல்விக்குழுவும் நிர்வாகக்குழுவும். அதற்கு மேலே மத்தியக் கல்வி அமைச்சகம். ஆளுநரிடம் மனு கொடுப்பது வீண் இல்லை. அவர் சொல்லுக்கு எடை உண்டு. ஆனால், அதே மனுவின் நகல் துணைவேந்தருக்கும் அமைச்சகத்துக்கும் போகவில்லை என்றால், சரியான கதவை இன்னும் தட்டவில்லை என்று பொருள்.

வேறு பல்கலைக்கழகங்களில் இந்தச் சொல் இன்னொரு அவதாரம் எடுக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ரெக்டர் என்பவர் துணைவேந்தருக்கு அடுத்த நிலையில் தினமும் அலுவலகம் வரும் பேராசிரியர். ஆந்திராவின் பல பல்கலைக்கழகங்களிலும் அப்படியே. இத்தாலி, ஸ்பெயின், இந்தோனேசியா போனால், பல்கலைக்கழகத்தின் முதல் ஆளே ரெக்டர்தான். அந்த நாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள், கடிதத்தில் 'ரெக்டர்' என்று கண்டால் அதை நம் ஊர்த் துணைவேந்தர் என்று படித்துக்கொள்ளலாம்.

மாணவர்களே தேர்ந்தெடுத்த ரெக்டர்

இந்தப் பட்டம் பல்கலைக்கழகத்துக்கு வந்த வழியில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகமாகச் சொல்லப்படும் இத்தாலியின் பொலோனியாவில், இடைக்காலத்தில் ரெக்டரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாணவர்கள். வெளியூரில் இருந்து வந்து தங்கிப் படித்தவர்கள், வீட்டு வாடகைக்காரரிடமும் ஊராரிடமும் ஏமாறாமல் இருக்கச் சங்கமாகச் சேர்ந்தார்கள். அந்தச் சங்கத்தின் தலைவராகத் தங்களில் ஒருவரையே ரெக்டர் ஆக்கினார்கள். பாரிஸில் அந்த வேலையை ஆசிரியர்கள் செய்தார்கள்.

அந்தப் பழக்கம் ஸ்காட்லாந்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற பழைய பல்கலைக்கழகங்களில் மாணவர் ஓட்டில் ரெக்டர் தேர்வாகிறார். 1972-ல் எடின்பரோவில் வென்றவர் அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். பெயர் கோர்டன் பிரவுன். பின்னாளில் பிரிட்டன் பிரதமர் ஆனவர். 1962-ல் கிளாஸ்கோ மாணவர்கள், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் தடையில் இருந்த ஆல்பர்ட் லுதுலியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஊரை விட்டு வெளியே வர முடியாதவர். வந்து நாற்காலியில் உட்கார மாட்டார் என்று தெரிந்தே ஓட்டுப் போட்டார்கள். யார் நேரானவர் என்று மாணவர்கள் நினைத்தார்களோ, அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார்கள்.

யாரிடம் எதற்குப் போவது?

- ஞானஸ்நானச் சான்றிதழ், திருமண ஓலை, பதிவேட்டில் பெயர்த் திருத்தம்: ஞானஸ்நானம் நடந்த பங்கின் பங்குத்தந்தை.
- திருத்தலத்தில் நேர்ச்சை, சிறப்புத் திருப்பலி, யாத்திரை ஏற்பாடு: திருத்தல அதிபர், அதாவது ரெக்டர்.
- மறைமாவட்டத்தின் பழைய ஆவணங்கள்: ஆயர் இல்லத்துச் சான்சலர் அலுவலகம்.
- கல்லூரிச் சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், வருகைப்பதிவு: முதல்வர்.
- பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். மற்ற நிர்வாகக் கடிதங்கள்: பதிவாளர். அங்கும் தீராவிட்டால் துணைவேந்தர்.
- கடிதம் எழுதும்போது: குரு என்றால் 'அருட்தந்தை அதிபர் அவர்களுக்கு' என்று எழுதலாம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பொறுப்பும் இடமும் சரியாக இருந்தால் கடிதம் போய்ச் சேரும்.

ரெக்டர் என்று யாரையாவது அறிமுகம் செய்தால், 'எந்த இடத்துக்கு? எதற்கெல்லாம் பொறுப்பு?' என்று கேட்பதில் தவறே இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. பட்டத்தோடு அந்த இரண்டு பதிலும் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள் முழுமையாகும். அதிபர், வேந்தர் என்று தமிழில் எவ்வளவு உயரத்தில் உட்கார வைத்தாலும், இந்தப் பதவிகள் எல்லாம் ஒரு தவணைக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்புகள். தவணை முடிந்ததும் பட்டம் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்குள் அவர் எத்தனை பேரின் படிப்பை, கல்யாணத்தை, வேலையை நேர்வழியில் முடித்துக் கொடுத்தார் என்பதை மட்டும் ஊர் நினைவில் வைத்திருக்கும்.